ஹூட்டில் நெருப்புப் பிடித்த பிறகு: திருகோணமலைக் குசினிகளில் துப்புரவு வேலைக்கு வரும் புதியவர்களுக்கு

கொத்துக்கடையில் தாச்சி எண்ணெய் பற்றிக்கொண்டது. சுவாலை அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் ஹூட்டுக்குள் ஏறியது. எப்படியோ அணைத்துவிட்டார்கள். மறுநாள் விடிய முதலாளி அழைப்பெடுக்கிறார்: “தம்பி, பின்னேரம் கடை திறக்கவேணும். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து கழுவித் தாங்கோ.”

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அந்த அவசரத்துக்கு ஒருமுறை உடன்பட்டேன். எனக்குத் தொழில் பழக்கியவர் அன்றைக்கு ஊரில் இல்லை. ஹூட்டைப் பளபளவென்று கழுவிக் கொடுத்தேன். முதலாளிக்கும் சந்தோஷம். ஆனால் ஹூட்டின் புகையை வெளியே கொண்டுபோகும் தகட்டுக் குழாயான டக்ட், சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே திரும்புகிற முழங்கை வளைவுக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை. சில வாரங்களில் அதே அடுப்பில் ஒரு சின்னச் சுவாலை எழும்பியது. முழங்கைக்குள் தேங்கிக் கிடந்த எண்ணெய் பற்றி, அந்தமுறை கூரையும் போனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

அன்றைக்குப் படித்ததை இன்றுவரை என்னோடு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். நெருப்புப் பிடித்த ஹூட்டில் கறுத்துக் கிடப்பது எரிந்து முடிந்தது. அதற்கு அப்பால் தேன்போல மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டு நிற்பது எரியாமல் மிஞ்சியது. அடுத்த நெருப்புக்கு விறகு அதுதான். காசு தருகிறவர் கறுப்பைத்தான் பார்ப்பார். நீங்கள் தேடிப் போகவேண்டியது மஞ்சளை.

கீழே சொல்லும் ஒழுங்கு சாப்பாட்டுக்கடை, ஹோட்டல் குசினி, பேக்கரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வீட்டுக் குசினிக்கு இவ்வளவும் தேவையில்லை.

கை வைக்கும் முன்

முதலில் நெருப்பு உண்மையாகவே அணைந்துவிட்டதா என்று பாருங்கள். டக்டுக்குள் கரியும் எண்ணெயும் சேர்ந்து கனன்றுகொண்டிருக்கலாம், வெளியே ஒரு புகையும் தெரியாது. அந்த நேரத்தில் ஒரு மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போய்த் திரும்பவும் சுவாலை எழும்பும். அதனால் டக்ட் நெடுகிலும் புறங்கையை முதலில் கிட்டக் கொண்டுபோய், சூடு இல்லையென்றால் தொட்டுப் பாருங்கள். டக்ட் மரத்தையோ சீலிங்கையோ தொட்டுக்கொண்டு போகும் இடங்களில் இரண்டு தரம் பாருங்கள். எங்கேயாவது இளஞ்சூடு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. தீயணைப்புப் பிரிவுக்கு 110ஐ அழுத்திச் சொல்லிவிட்டு வெளியே நில்லுங்கள். நான் எப்போதும் ஓர் இரவு கழித்துத்தான் திறப்பேன்.

அடுத்தது காஸும் கரண்டும். அடுப்பின் திருகை மூடினால் போதாது. சிலிண்டரில் ரெகியுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைக் குசினிக்கு வெளியே நிழலில் வையுங்கள். ஃபானுக்கும் ஹூட் விளக்குகளுக்கும் போகும் கரண்டைப் பிரதான பலகையில் நிறுத்தி, பலகையில் ஒரு மட்டை கட்டித் தொங்கவிடுங்கள்: “ஆள் வேலை செய்கிறார், போடவேண்டாம்.” கடைப் பெடியள் யாராவது விளக்கு எரியவில்லையே என்று வந்து சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். அப்போது உங்கள் கை ஃபான் இறக்கைக்குள் இருக்கும்.

மூன்றாவது படம். ஹூட், ஃபில்டர், டக்ட், கூரை எல்லாவற்றையும் தொடுவதற்கு முன்னரே போனில் எடுத்துவிடுங்கள். கடைக்குக் காப்புறுதி இருந்தால், அவர்களுடைய மதிப்பீட்டாளர் வந்து பார்க்குமுன் நீங்கள் கழுவிவிட்டால் முதலாளியின் இழப்பீடு சிக்கலாகும். “பார்த்துவிட்டார்களா?” என்று வாயால் கேட்காமல் வேலை தொடங்காதீர்கள்.

படம் எடுக்கிறபோதே தகட்டின் நிறத்தையும் வாசித்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூடேறினால் நிறம் மாறும். வைக்கோல் மஞ்சளாக மாறிய இடம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைக் கண்டிருக்கிறது. நீலமாகிய இடம் 500 பாகைக்கு மேலே போயிருக்கிறது. நீலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சோக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஒட்டுகள், இறப்பர் வளையங்கள், வயர்கள் எதையும் நம்பக்கூடாது. ஜீ.ஐ., அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புத் தகட்டு டக்ட் என்றால் கதை வேறு. அதன் மேற்பூச்சான நாகம் 420 பாகையளவில் உருகிவிடும். பூச்சுப் போன தகடு எங்கள் கடற்காற்றில் ஒரு மாரிகூடத் தாங்காது. அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றச் சொல்லுங்கள்.

கூரையையும் அண்ணாந்து பாருங்கள். எங்கள் பக்கத்துக் குசினிகளில் பாதிக்கு மேல் அஸ்பெஸ்டஸ் சீற்றுத்தான். சூடு பட்டால் அது வெடித்துச் சில்லுச் சில்லாக விழும். அந்தச் சில்லுகளையும் தூளையும் தும்புத்தடியால் கூட்டவே வேண்டாம். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்து நோயாக வரும். முதலில் தண்ணீரை மெல்லத் தெளித்து நனைத்து, கையுறையோடு பொறுக்கி, தடித்த பொலித்தீன் பைகள் இரண்டுக்குள் போட்டுக் கட்டுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். இது முடிந்த பிறகுதான் ஹூட்.

எதைப் போட்டு அணைத்தீர்கள்?

கடைக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகளில் இதுதான் முக்கியமானது. மிச்ச வேலை முழுவதும் இந்தப் பதிலில்தான் நிற்கிறது.

ட்ரை பவுடர் தீயணைப்புச் சிலிண்டர் அடித்திருந்தால், வெறும் சிலிண்டரை எடுத்து லேபலை வாசியுங்கள். ஏ.பி.சி. என்று இருந்தால் உள்ளே இருந்தது பெரும்பாலும் மொனோ அமோனியம் பொஸ்பேற்று. காய்ந்திருக்கும்வரை அது சாதுவான தூள். ஈரம் பட்டதும் அமிலத்தன்மை கொண்டு உலோகத்தை அரிக்கத் தொடங்கும். அலுமினியத்தை விடவே விடாது. சூடான தகட்டில் பட்ட இடத்தில் உருகி, ஆறியதும் கண்ணாடிபோல ஒட்டிக்கொள்ளும். உப்பு ஈரம் நாள் முழுக்க வீசுகிற உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரைக் குசினியில் இந்தத் தூளை இரண்டு மூன்று நாள் விட்டால் தகட்டில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். அடுத்த நாளே எடுக்கவேண்டிய பொருள் இது. லேபலில் சோடியம் இருகாபனேற்று என்று இருந்தால், அது அப்பச்சோடாக் குடும்பம், அவ்வளவு பயமில்லை.

ஹூட்டுக்குள்ளேயே குழாய் போட்டுப் பொருத்திய வெட் கெமிக்கல் தொகுதி வேலை செய்திருந்தால், எல்லா இடமும் சவர்க்கார நுரை காய்ந்ததுபோல இருக்கும். அது உண்மையில் சவர்க்காரம்தான். பொற்றாசியம் உப்புக் கரைசல் கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து மேலே ஒரு சவர்க்காரப் படையாகி, எண்ணெய்க்குக் காற்றுப் போகாமல் மூடிவிடுகிறது. இந்த மிச்சம் காரத்தன்மை உள்ளது, இளஞ்சூட்டு நீரில் கரையும். உலர்த்திச் சுரண்டத் தேவையில்லை. கையுறையோடு ஈரத்துணியால் எடுத்தால் வந்துவிடும்.

யாரோ பதட்டத்தில் தண்ணீரை ஊற்றியிருந்தால் நீங்கள் துப்புரவு செய்யவேண்டிய இடம் மூன்று மடங்கு. ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். எரியும் எண்ணெய்க்கு அடியில் அது நடந்தால் எண்ணெய் சிதறிச் சுவர், சீலிங், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கும். ஹூட்டுக்குக் கீழே மட்டும் பார்த்துவிட்டுக் காசு பேசாதீர்கள்.

ஈரச்சாக்கு, மணல், மூடி என்றால் நல்லது. அந்தக் குசினியில் யாருக்கோ விஷயம் தெரிந்திருக்கிறது.

எடுத்து எறியவேண்டியவை

திறந்திருந்த சாப்பாடு, மா, மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாம் போகவேண்டும். புகையும் பவுடரும் பட்ட உணவை விற்கக்கூடாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அதைக் கைப்பற்ற அதிகாரம் இருக்கிறது. கடைக்காரர் முகம் சுழித்தால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஹூட்டில் அலுமினிய வலை ஃபில்டர் இருந்தால் அதையும் கழித்துவிடச் சொல்லுங்கள். வலை எண்ணெயை வடிக்காது, பிடித்து வைத்திருக்கும். அலுமினியம் 660 பாகையில் உருகும். நெருப்பு வரும்போது ஃபில்டர் இருந்த இடம் ஓட்டையாகி, சுவாலைக்கு டக்ட் நேர்வழியாகிவிடும். பதிலுக்கு, தகடுகளைச் சாய்த்து அடுக்கிய பஃபிள் ஃபில்டர் போடவேண்டும். அது கிடையாகப் படுக்காமல் குறைந்தது 45 பாகைச் சாய்வில் நிற்கவேண்டும். அப்போதுதான் பிடித்த எண்ணெய் கீழே ஓடிக் கிண்ணத்துக்குள் விழும். ஸ்டீல் பஃபிள் வளையாமல் இருந்தால் கழுவிப் பாவிக்கலாம். வளைந்திருந்தால் இரண்டு ஃபில்டருக்கும் இடையில் நீக்கல் வரும், அந்த நீக்கலுக்குள்ளால் நெருப்புப் போகும்.

தண்ணீர் இன்னும் வேண்டாம்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, வந்ததும் வராததுமாய்ப் பிரஷர் வோஷரைப் பொருத்துவது. பவுடர் கிடக்கும் ஹூட்டுக்குத் தண்ணீர் அடித்தால் அது கூழாகி ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் இறங்கி, அங்கிருந்தபடி அமிலமாய் அரிக்கும். விளக்குக் கூட்டுக்குள்ளும் மோட்டருக்குள்ளும் போகும். எனவே ஈரத்துக்கு முன்பு உலர் வேலை.

அடுப்புகள், மேசைகள், தரை எல்லாவற்றையும் பொலித்தீனால் மூடி, ஹூட்டின் நான்கு ஓரத்திலிருந்தும் பாவாடைபோல ஒரு தடித்த விரிப்பைத் தொங்கவிட்டுக் கீழே பெரிய வாளிக்குள் முடியுங்கள். என்.95 முகக்கவசம், மூடிய கண்ணாடி, முழுக்கை, முழங்கைவரை வரும் இறப்பர் கையுறை, வழுக்காத சப்பாத்து. செருப்போடு வந்தவரை நான் வேலைக்கு விடுவதில்லை. மெல்லிய தூரிகையால் பவுடரை மேலிருந்து கீழே தட்டித் தட்டில் எடுங்கள். வீட்டு வக்கூம் கிளீனர் பயன்படாது. முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் குசினி முழுக்கத் தூவிவிடும். நுண்தூள் ஃபில்டர் உள்ளது கிடைத்தால் மட்டும் பாவியுங்கள்.

பிறகு சுரண்டல். இதற்கு அகலமான சுரண்டும் தகடும் பொறுமையும் போதும். கரிந்த படை பொருக்காகக் கழன்று வரும். அதற்கு அடியில் பாதி எரிந்து தார்போல நிற்பது கடினம். எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்பதும் இங்கே தெரியும். தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு ஊரின் சூட்டுக்கு இளகி வழிந்துகொண்டிருக்கும். சோயா எண்ணெய் மாதிரியானவை காலப்போக்கில் வார்னிஷ் பூசியதுபோல இறுகிவிடும். இறுகியதைச் சுரண்டுவதற்காகச் சாதாரண இரும்புக் கம்பிப் பஞ்சை எடுக்காதீர்கள். அதன் துகள் ஸ்டெயின்லெஸ் தகட்டில் பதிந்து, ஒரு கிழமையில் துருப்பிடிக்கும்.

சுரண்டியதையும் எண்ணெய் துடைத்த துணிகளையும் ஒரு மூலையில் குவித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகவேண்டாம். எண்ணெய்த் துணி குவிந்து கிடந்தால் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறும். நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றும். நெருப்புக்குப் பிறகு துப்புரவுக்கு வந்தவர்களே அடுத்த நெருப்பை வைத்துவிட்டுப் போவது இப்படித்தான். ஒரு தகர வாளியில் தண்ணீர் வைத்து, துணியை எடுத்த உடனேயே அதற்குள் அமிழ்த்தி மூடியைப் போடுங்கள். எஃப் வகுப்பு என்று லேபல் உள்ள தீயணைப்பான் ஒன்று வேலை முடியும்வரை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கட்டும். சமையல் எண்ணெய்த் தீக்கு என்று வருவது அது.

மேலிருந்து கீழே

ஒழுங்கு எப்போதும் இதுதான்: கூரையில் உள்ள ஃபான், பிறகு டக்ட், பிறகு ஹூட்டின் உட்பக்கம், கடைசியாக ஃபில்டரும் எண்ணெய்க் கிண்ணமும். கீழே இருந்து தொடங்கினால் இரண்டு தரம் வேலை செய்வீர்கள்.

கூரைக்கு விடியக்காலை ஏறுங்கள். சித்திரை தொடங்கி ஆவணி முடியும்வரை பத்து மணிக்குப் பிறகு எங்கள் கூரைகளில் கை வைக்க முடியாது. அஸ்பெஸ்டஸ் சீற்றில் நேராகக் கால் வைக்கவேண்டாம், உடைந்து உள்ளே விழுந்தவர்களை எனக்குத் தெரியும். ஆணி வரிசையில், அதாவது அடியில் மரம் போகும் இடத்தில், பலகை போட்டு அதன் மேல் நடவுங்கள். ஏணியைக் கீழே ஒருவர் பிடிக்கவேண்டும். மாரிமழைக் காலத்தில் கூரை வேலையை ஒத்திப் போடுங்கள்.

ஃபானின் இறக்கைகளில் ஒட்டியிருப்பதை எல்லா இறக்கையிலும் ஒரேயளவாக எடுக்கவேண்டும். ஒன்றைச் சுத்தமாக்கி மற்றொன்றில் பிசுக்கை விட்டால் பாரம் பிசகி, சுற்றும்போது ஆடும். கொஞ்ச நாளில் பெயாரிங் போகும். மோட்டரைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டி, வாயைக் கீழ்நோக்கி விடுங்கள். நெருப்பு ஃபான்வரை வந்திருந்தால் மோட்டரையும் வயரையும் மின்வேலை தெரிந்தவர் பார்க்காமல் திரும்ப ஓடவிடக்கூடாது.

டக்டின் வாய் கூரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 96ஆம் இலக்க நியமம் கூரை மட்டத்துக்கு மேலே 40 அங்குலம், அதாவது ஒரு மீற்றர் அளவு, உயரம் கேட்கிறது. பக்கத்துக் கட்டடத்துக்கு 10 அடி தள்ளி இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. கடற்கரை உணவகங்களில் கிடுகுக் கூரைக்கு அரை அடி மேலே டக்ட் முடிவதை நான் பார்த்திருக்கிறேன். கிடுகில் எண்ணெய் சொட்டிச் சொட்டி அந்த இடம் மட்டும் கறுப்பாய் மினுங்கும். அதைக் கண்டால் துப்புரவோடு நிறுத்தாமல் முதலாளியைக் கூரைக்குக் கீழே கூட்டிவந்து விரலால் காட்டுங்கள். ஒரு பொறி போதும்.

இனி டக்ட். என் முதற்பிழை நடந்த இடம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். டக்டில் திறக்கும் மூடிகள் எங்கே என்று கேளுங்கள். கிடையாகப் போகும் டக்டில் ஒவ்வொரு 12 அடிக்கும் ஒன்று, திசை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று இருக்கவேண்டும். சிறிய கடைகளில் ஒன்றும் இராது. அப்படியென்றால் தகட்டு வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு, முழங்கைக்குப் பக்கவாட்டில் வெட்டி மூடி போடச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தில் வெட்டினால் பிறகு எண்ணெய் ஒழுகும். நெருப்புப்பொறி பறக்கும் வெட்டுக் கருவியைச் சுரண்டி முடியாத டக்டில் வைக்க விடாதீர்கள். கையால் வெட்டும் கத்தரியே போதும், அதுவும் எட்டிச் சுரண்டக்கூடிய இடமெல்லாம் சுரண்டிய பிறகு.

கிடையான டக்டில் எண்ணெய் அடியில் தேங்கும். நிமிர்ந்த டக்டில் நான்கு சுவரிலும் சமமாகப் படியும். முழங்கையில் வெளி வளைவில் தடிப்பாக ஒட்டும். டோர்ச்சை அடித்துப் பார்ப்பதோடு நிற்காதீர்கள், கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற கரிப்படையே கடற்பஞ்சுபோல எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும். நகத்தால் கீறினால் தெரிந்துவிடும்.

காஸ்டிக் பாவிப்பது

ஹூட் துப்புரவுக்கென்று விற்கும் எண்ணெய் கரைக்கும் திரவமான டிகிரீசர் கிடைத்தால் அதை வாங்குங்கள், லேபலில் உள்ளபடி கலவுங்கள். கிடைக்காத இடத்தில் காஸ்டிக் சோடாவைத்தான் எங்கள் ஊரில் பாவிக்கிறோம். நான் கலக்கும் அளவு: 20 லீற்றர் பச்சைத்தண்ணீருக்கு ஒரு கிலோ. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை முதலில் விட்டு, காஸ்டிக்கைச் சிறுகச் சிறுகப் போட்டு மரத்தடியால் கிளறுங்கள். காஸ்டிக்குக்கு மேலே தண்ணீர் ஊற்றுவதும், சுடுதண்ணீரில் காஸ்டிக் போடுவதும் கூடாது. தானாகவே கொதித்து முகத்துக்கு எறியும்.

ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு மட்டும் இது. அலுமினியத்திலும் நாகப்பூச்சிலும் காஸ்டிக் பட்டால் உலோகம் கரைந்து ஐதரசன் வாயு கிளம்பும். அது எரியக்கூடிய வாயு. குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை ஹூட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழி போடும், வினாகிரியோடு கலந்தால் நச்சுவாயு வரும்.

கரைசலைத் தகட்டில் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் வழிந்த கோடுகள் கறையாக நிற்கும். 15 நிமிடம் விடுங்கள், ஆனால் காயவிடவேண்டாம். பிறகு தும்புத் தூரிகையால் தேய்த்து, சுடுதண்ணீரால் மேலிருந்து கீழே கழுவுங்கள். தடிப்பான இடத்தில் இரண்டு மூன்று தரம் திரும்பச் செய்யவேண்டி வரும். கூடுதல் காஸ்டிக் போட்டு ஒரே தரத்தில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

தலைக்கு மேலே பூசும் வேலை இது, ஒரு சொட்டு கண்ணில் விழுந்தால் பார்வை போகும். குழாய்த் தண்ணீர் கிட்ட இருக்கிறதா என்று தொடங்கும்போதே பாருங்கள். பட்டுவிட்டால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து பிடித்துக் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். அதே நேரம் மற்றவர் 1990ஐ அழைத்து அம்புலன்ஸுக்குச் சொல்லட்டும். தோலில் பட்டாலும் தண்ணீர்தான். வினாகிரி ஊற்றி முறிக்கப் பார்க்கவேண்டாம்.

வினாகிரிக்கு வேலை தகட்டில் இருக்கிறது. நன்றாகக் கழுவிய பிறகு, தண்ணீர் கலந்த வினாகிரியால் ஒருதரம் துடைத்து, திரும்பவும் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு ஈரத் தகட்டில் சிவப்புப் பாசிச்சாயத்தாளை ஒட்டிப் பாருங்கள். நீலமானால் காரம் மிச்சம் இருக்கிறது. ஏ.பி.சி. பவுடர் கிடந்த இடங்களில் நீலத்தாளையும் வையுங்கள். அது சிவந்தால் மூட்டுக்குள் பவுடர் ஒளிந்திருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்த அதே தாள்தான், இந்த வேலையில் அதுபோல உண்மை சொல்லும் கருவி வேறில்லை.

ஃபில்டர்களைச் சுடுதண்ணீரும் டிகிரீசரும் உள்ள தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவி, வெயிலில் நிறுத்தி உலர விடுங்கள்.

வாளியில் சேர்ந்த கறுப்புத் தண்ணீரை வீதியோர வடிகானில் ஊற்றவேண்டாம். நகரத்து வடிகான்கள் கடலை நோக்கித்தான் போகின்றன. ஓர் இரவு அடைய விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை அள்ளிப் பழைய எண்ணெய்க் கலனில் சேருங்கள். கசடைப் பையில் கட்டுங்கள். நடுவில் உள்ள தண்ணீரை, அது சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்காத அளவுக்கு வினாகிரி விட்டு முறித்து, கடையின் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக விடுங்கள்.

அடுப்பு மூட்டுமுன்

துடைத்து உலர்த்திய பிறகு மூன்று சோதனை. முதலாவது வெள்ளைத்துணி. டக்டின் உள்ளே, முழங்கையில், ஹூட்டின் பின் மூலையில் தேயுங்கள். வெறும் உலோகம் தெரியவேண்டும். வழக்கமான காலத்தில் 2 மில்லிமீற்றர் பிசுக்குச் சேர்ந்தால் துப்புரவு செய்யவேண்டும் என்பது கணக்கு. நெருப்புக் கண்ட டக்டில் அரை மில்லிமீற்றரையும் நான் விடமாட்டேன்.

இரண்டாவது வெளிச்சம். பொழுது பட்டதும் குசினி விளக்கை அணைத்து, டக்டுக்குள் பலமான விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். வெளியிலிருந்து ஒருவர் பார்க்கட்டும். ஒட்டில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே எண்ணெயும் கசியும், நெருப்பும் கசியும். அங்கே ஒட்டு வெடித்திருக்கிறது என்று அர்த்தம். சிலிக்கன் பூசி மறைக்காமல் உருக்கி ஒட்டவேண்டும்.

மூன்றாவது காஸ். குழாய் சூடு கண்டிருந்தால் கேள்வியே இல்லை, புதுக்குழாய். மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி தட்டிப் பார்ப்பவர்களை இன்னும் காண்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஹூட்டில் வெட் கெமிக்கல் தொகுதி இருந்தால் அதை நிரப்பித் திரும்பப் பொருத்துவது உங்கள் வேலை இல்லை, அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வரவேண்டும். நீங்கள் செய்யவேண்டியது, குழாய் முனைகளின் மூடிகளைத் தொலைக்காமல் எடுத்துவைப்பதும், சூட்டில் உருகி அறுந்து தொகுதியை இயக்கும் அந்தச் சிறிய உலோகத் துண்டுகளில் கழுவும்போது இடிக்காமல் இருப்பதும். அந்தத் துண்டுகளை நெருப்பு இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருதரம் மாற்றவேண்டும். தொகுதி நிரப்பும்வரை பொரியல் கிடையாது என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால் ஃபானை ஓடவிட்டு, ஒரு பானை தண்ணீரை ஒரு மணித்தியாலம் கொதிக்க வையுங்கள். ஆவி முழுவதும் ஹூட்டுக்குள் போகிறதா, ஃபான் ஆடுகிறதா, மணம் வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் தாச்சியும் எண்ணெயும்.

அடுத்த துப்புரவு எப்போது?

நான் மேலே சொன்ன 96ஆம் இலக்க நியமத்தின் ஒழுங்கு இது. விறகு, கரி அடுப்பென்றால் மாதம் ஒருதரம் பார்க்கவேண்டும். நாள் முழுக்கப் பொரித்துக்கொண்டும் தாச்சியில் வறுத்துக்கொண்டும் இருக்கும் கடைக்கு மூன்று மாதம். நடுத்தரமான கடைக்கு ஆறு மாதம். பருவத்துக்கு மட்டும் திறக்கும் குசினிக்கு வருடம் ஒன்று.

கடைசியாகச் சொன்னதை எங்கள் கடற்கரை ஹோட்டல்களுக்கு அப்படியே எடுக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் ஐந்தாறு மாதம்தான் முழுவீச்சில் திறந்திருக்கிறார்கள், ஆனால் அந்த மாதங்களில் காலை தொடங்கி நடுச்சாமம்வரை மீன் பொரிகிறது. பருவத்துக்கு நடுவில் ஒன்று, மாரிக்கு மூடுமுன் ஒன்று. மூடும்போது கழுவாமல் போனால், மழைக்கால ஈரத்தில் பிசுக்குக்கு அடியில் தகடு துருவும், மேலே பிசுக்கு இறுகும். சித்திரையில் திறந்ததும் முதல் நாளே பெரிய நெருப்பு மூட்டுவார்கள்.

கையில் கொடுக்கும் துண்டு

காசு வாங்குமுன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். எந்தத் திகதியில், எங்கே எல்லாம் கழுவினீர்கள், எதை மாற்றச் சொன்னீர்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். ஒரு பிரதி ஹூட்டுப் பக்கச் சுவரில் ஒட்டவேண்டும், ஒன்று உங்களிடம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ காப்புறுதிக்காரரோ கேட்டால் காட்ட அது இருக்கும். நான் எழுதும் துண்டில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான், அதை வெறுமையாக விட்டு ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை:

“திறக்க முடியாததால் கழுவாமல் விட்ட இடம்: ……………”